ஏற்றத்துக்குப் பந்தயம் உண்டு, இறக்கத்துக்கு இல்லை

நாவலப்பிட்டியில் ஒருவர் புதிதாகக் கார் வாங்கியிருக்கிறார் என்றால், அது பெரும்பாலும் இன்னொருவர் ஓட்டிய கார்தான். இதில் குறைவு ஒன்றும் இல்லை. அந்நியச் செலாவணியைக் காப்பாற்ற 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வழி மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஏறக்குறைய ஐந்து வருடம் நாட்டுக்குள் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. வெகன் ஆர், அக்குவா, விட்ஸ், அல்டோ என்று எதைக் கேட்டாலும் விலை ஏறிக்கொண்டுதான் போனது. விற்றால் வேறொன்று வாங்க முடியாது என்பதால் பலரும் இருந்ததைப் பழுதுபார்த்து வைத்துக்கொண்டார்கள். உதிரிப்பாகம் தேடிக் கொழும்பு பஞ்சிகாவத்தைவரை போய் வந்த இளைஞர்கள் இந்த ஊரிலும் நிறைய. வண்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தலைமுறை கையால் தொட்டுத் தெரிந்துகொண்டது அந்த வருடங்களில்தான். அந்த அறிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தேநீர்க் கடை வாசலில் அப்படி ஒரு வண்டி வந்து நின்றால், பிளேன்டீ ஆறுவதற்குள் நாலு பேர் கூடிவிடுவார்கள். “எவ்வளவுக்கு மச்சான் எடுத்த?” என்பது முதல் கேள்வி. பிறகு எலோய் ரிம், சைலன்சர் சத்தம், முன் லைட், உள்ளே போட்டிருக்கும் செட், லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்ற கணக்கு. எல்லாம் கேட்பார்கள். “பிரேக் ஒயில் கடைசியா எப்ப மாத்தினது?” என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மலையில் வண்டி வைத்திருப்பவருக்கு அதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. ஏன் என்று நிதானமாகச் சொல்கிறேன். இன்னொரு தேநீர் சொல்லிக்கொள்ளுங்கள்.

நம் ஊர் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நாவலப்பிட்டி ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 580 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் நிலையம் சுமார் 1,260 மீற்றரில். 1874 இல் நாவலப்பிட்டிக்கு வந்த ரயில் ஹட்டனைத் தொட்டது 1884 இல். 44 அடிக்கு ஓர் அடி ஏறும் பாதை அது. நீராவி எஞ்சின் காலத்தில் மேலே போகும் ரயிலுக்கு இங்கே இன்னோர் எஞ்சினைப் பூட்டித்தான் அனுப்பினார்கள். கினிகத்தேனை வழியாகவோ கொத்மலை வழியாகவோ போகும் ரோடு ரயில் பாதையைவிட எவ்வளவோ செங்குத்து. ஆகவே இந்த ஊரிலிருந்து கிழக்கிலோ தெற்கிலோ பயணம் போகிறவர் மலையேறுகிறார். ஏறிய உயரம் முழுவதையும் திரும்பி இறங்குகிறார்.

ஏறும்போது வண்டிக்கு முடியாவிட்டால் அது நமக்குத் தெரிந்துவிடும். எஞ்சின் முனகும், வெப்பமானி ஏறும், கடைசியில் வண்டி நிற்கும். நின்ற வண்டியால் பெரிய ஆபத்து வருவதில்லை. நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலத்தில் நடக்கும் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934 இல் தொடங்கியது. தொண்ணூறு வருடமாக இந்த மலைநாட்டில் கார்ப் பிரியர்களின் பெருமை ஏற்றத்தில்தான் அளக்கப்படுகிறது. இறக்கத்துக்குப் பந்தயமும் இல்லை, கைதட்டலும் இல்லை. வண்டியின் குணம் வெளிப்படுவதோ அங்கேதான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் 300 மீற்றர் உயரம் இறங்குகிறது என்று வையுங்கள். ஐந்து கிலோமீற்றர் மலை ரோட்டில் இது சாதாரணம். அந்த இறக்கத்தில் வெளியாகும் சக்தி சுமார் 35 லட்சம் ஜூல். 11 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு கல்யாண வீட்டுப் பந்திக்குத் தேநீர் போடலாம், அவ்வளவு சூடு. டயரின் உருளலும் காற்றும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். எஞ்சின் வாங்கலாம், அல்லது பிரேக் வாங்கலாம். நீங்கள் கியரைத் தளர்த்திவிட்டால் முழுவதும் பிரேக்கின் தலையில்தான். அதிலும் பெரும் பங்கு முன் சக்கரங்கள் இரண்டுக்கும் போகிறது.

சூடு ஏறினால் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். இரண்டையும் காலால் அடையாளம் காணலாம்.

முதலாவதில் பெடல் இறுக்கமாகவே இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. பேட் அதிகமாகச் சூடேறியதால் டிஸ்க்கோடு பிடிப்புக் குறைந்துவிட்டது என்று அர்த்தம். கூடவே கருகிய வாடை வரும். மலிவான பேட்டில் இது சீக்கிரம் வரும்.

இரண்டாவது இதைவிட மோசமானது. பெடல் பஞ்சுபோல் மெத்தென்று ஆகி, மிதித்தால் தரைவரை போகும். இங்கேதான் பிரேக் ஒயில் வருகிறது. நாம் பெடலில் கொடுக்கும் அழுத்தத்தைச் சக்கரத்துக்கு எடுத்துப்போவது அந்த ஒயில்தான். திரவத்தை அமுக்க முடியாது என்பதால் அழுத்தம் அப்படியே போய்ச் சேருகிறது. ஆனால் இந்த ஒயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. தாங்கியின் மூடி வழியாகவும் றப்பர் குழாய் வழியாகவும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். புதிய ‘டொட் 3’ ஒயில் 205 பாகை செல்சியஸுக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது விதி; 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த ஒயிலுக்கு அந்த எல்லை 140 தான். ‘டொட் 4’ என்றால் 230, தண்ணீர் சேர்ந்த பிறகு 155. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சக்கரத்தருகில் அந்தச் சூட்டைத் தொடுவது கடினமில்லை. ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் வரும். திரவத்தை அமுக்க முடியாவிட்டாலும் ஆவியை அமுக்கலாம். கால் கீழே போகும். சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது.

இதில் கொடுமை என்னவென்றால், வண்டி ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும். மறுநாள் காலை கராஜுக்குக் கொண்டுபோனால் பெடல் நன்றாக இருக்கும். பாஸும் ஓட்டிப் பார்த்துவிட்டு, “பிரேக் நல்லாத்தானே இருக்கு அண்ணே” என்பார். அவர் சொல்வதும் பொய்யில்லை. பேட் புதிதா, டிஸ்க் மட்டமா என்று கண்ணால் பார்க்கலாம். ஒயிலில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது. நம் பக்கம் நாட்டிலேயே மழை மிகுந்த பகுதிகளில் ஒன்று. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஒயிலை முழுவதும் வடித்து மாற்றுவதுதான் வழி. எலோய் ரிம் ஒன்றின் விலைக்குப் பக்கத்தில்கூட வராத செலவு அது.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. தனியார் காருக்கு வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் கேட்பார்கள். பிரேக்கைச் சோதித்த சான்றிதழ் கேட்பதில்லை. நம் சாலைகளை நினைத்தால் இது பெரிய குறை என்பது என் எண்ணம்.

அடுத்தது கியர். ‘நியூட்ரல்’ போட்டு இறங்கினால் பெற்றோல் மிச்சம் என்று நம் அப்பாமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். மொரிஸ் மைனர், ஒஸ்டின் காலத்து காபரேட்டர் வண்டியில் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. கியரில் இறங்கும்போதும் காபரேட்டர் பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். இன்றைய இன்ஜெக்ஷன் வண்டிகள் வேறு. கியரில் வைத்து, எக்ஸலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால் கணினி பெற்றோலை முழுவதுமாக நிறுத்திவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்ற வைக்கிறது. ‘நியூட்ரல்’ போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெற்றோல் தேவைப்படுகிறது. அதாவது மிச்சம் பிடிக்க என்று செய்கிற வேலை செலவைக் கூட்டுகிறது, அதோடு பிரேக்கையும் சுட வைக்கிறது. 2022 இல் கியூ.ஆர். அட்டையைக் காட்டி, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று வாங்கிய நாட்களில் இந்தப் பழக்கம் பலரிடம் திரும்பி வந்தது. தட்டுப்பாடு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அப்போது பிரேக்கின் உதவி விசை இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துபோகும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஒட்டோ கியர் வண்டி வாங்கிய பலர் ‘டி’யைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. அக்குவா, பிரியஸ் வைத்திருப்பவர்கள் கியர்ப் பிடியில் ‘பி’ (B) என்றோர் எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். அது இருப்பதே நம் ரோடுகளுக்காகத்தான். ஹைபிரிட் வண்டி இறங்கும்போது அதன் மோட்டார் மின்சாரம் உண்டாக்கிப் பற்றரிக்கு அனுப்பும். அதுவே வண்டியை மெதுவாக்கும். நல்ல ஏற்பாடு, ஆனால் பற்றரிக்கு ஓர் அளவு இருக்கிறது. நீண்ட இறக்கத்தில் பாதி வழியிலேயே அது நிறைந்துவிடும். பிறகு அனுப்ப இடமில்லை. பிடிப்பு குறைவதுபோல் தெரியும். ‘பி’யில் போட்டால் எஞ்சினைச் சுற்ற வைத்து அந்தச் சக்தியைச் செலவழிக்கும். எஞ்சின் இரைவதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அது தன் வேலையைச் செய்கிறது. வெகன் ஆரில் இருப்பது மிகச் சிறிய பற்றரியும் மோட்டாரும்தான், அவற்றை நம்பி இறங்க முடியாது. மற்ற ஒட்டோ வண்டிகளில் மாதிரிக்கு ஏற்ப ‘எல்’, ‘எஸ்’, ‘2’ என்று ஏதாவது ஒன்று இருக்கும். இறக்கம் தொடங்கும் முன்பே அதில் போட வேண்டும்; வேகம் எடுத்த பிறகு தேடக் கூடாது.

சரி, அலங்காரம் ஒன்றுமே கூடாதா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல மாட்டேன். தன் வண்டியைத் தனக்குப் பிடித்தபடி வைத்துக்கொள்வதில் உள்ள சந்தோஷம் உண்மையானது. ஸ்பொய்லர், சீற் உறை, பாட்டு செட் எல்லாம் உங்கள் விருப்பம். ஆனால் வண்டியைத் தாழ்த்தினால் தோட்டத்து ரோட்டில் கானைக் கடக்கும்போது அடி இடிக்கும். ரிம்மைப் பெரிதாக்கினால் டயரின் பக்கச்சுவர் மெலிந்து, குழியில் ரிம்மே வளையும். ஹலஜன் பல்புக்காகச் செய்த லைட்டுக்குள் எச்.ஐ.டி. பல்பைப் போடுவது இரண்டையும்விடக் கெட்டது. ஒளி பிறக்கும் இடம் மாறுவதால் வெளிச்சம் ரோட்டில் விழாமல் நாலாபக்கமும் சிதறும். எதிரே வருகிறவர் கண் கூசும். வட்டவளைப் பக்கத்து மூடுபனியில் உங்களுக்கே வெள்ளைச் சுவர்தான் தெரியும். 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ என்ற பெயரில் பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருந்த மேலதிக பொருட்களைக் கழற்ற வைத்தபோது பலர் கோபப்பட்டார்கள். கண் கூசும் லைட் விஷயத்தில் நான் பொலிஸார் பக்கம்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் மகாவலி பெருகிக் கம்பளை உட்பட நம் பக்கத்து ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. உயிர்களைப் பறிகொடுத்த வீடுகளுக்கு முன்னால் கார் ஒரு பொருட்டல்ல. ஆனாலும் தண்ணீர் ஏறிய வண்டிகள் கழுவிப் பளபளப்பாக்கப்பட்டு விற்பனைக்கு வரக்கூடும். சீற் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேறு படிந்த கோடு அங்கே இருக்கும். சீற்றின் கீழுள்ள தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அக்குவாவுக்கு ஹைபிரிட் பற்றரி பின் சீற்றின் கீழே இருக்கிறது, அதனால் முழங்கால் அளவு தண்ணீரே அதற்குப் போதும். தண்ணீர் பார்த்த வண்டியில் பிரேக் ஒயிலை விசாரிக்காமலே மாற்றிவிடுங்கள்.

வாங்கும்போது டயரையும் பாருங்கள். அதன் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் பழைய டயர் இறுகிப்போயிருக்கும். ஈர ரோட்டில் பிடிக்காது.

ஏப்ரலில் நுவரெலியாவுக்குக் குடும்பத்தோடு போகத் திட்டம் இருந்தால், அதற்கு முன்பு ஒரு நாள் கராஜுக்குப் போய் பிரேக் ஒயிலை வடித்து மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய திகதியை ஒரு துண்டில் எழுதி பொனட்டின் உட்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்து அந்த வண்டியை வாங்குகிறவருக்கும் அது உதவும்.