முடி கொட்டிய பிறகுதான் தெரிந்தது

2009 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸின் சீடார்ஸ் சைனாய் மருத்துவமனையிடம் ஒரு நோயாளி, ஸ்கேன் எடுத்ததிலிருந்து முடி கொட்டுகிறது என்றார். பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். பக்கவாதச் சந்தேகத்தில் மூளையின் ரத்த ஓட்டத்தைப் பார்க்க சி.டி. பெர்ஃப்யூஷன் எடுத்துக்கொண்ட 206 பேருக்கு, வழக்கத்தைவிடச் சுமார் எட்டு மடங்கு கதிர்வீச்சு கொடுக்கப்பட்டிருந்தது. அதுவும் 18 மாதங்களாக.

மெஷின் பழுதாகவில்லை. படம் இன்னும் தெளிவாக வரட்டும் என்று 2008 பிப்ரவரியில் செட்டிங்கை மாற்றியிருக்கிறார்கள். பிழை அங்கே புகுந்துவிட்டது. கதிர்வீச்சின் அளவு திரையில் தெரிந்துகொண்டுதான் இருந்தது. 206 முறை தெரிந்தும் யார் கண்ணிலும் படவில்லை என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பெர்ஃப்யூஷன் என்பது ஒரே ஒரு படம் அல்ல. ரத்தக்குழாயில் ஏற்றிய மருந்து மூளைக்குள் வந்து போவதைப் பின்தொடர, தலையின் அதே பகுதியைத் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். அளவு தப்பினால் அத்தனையும் ஒரே இடத்தில் சேரும். தோலில் சுமார் 3 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) சேர்ந்தாலே முடி உதிரலாம். பெரும்பாலும் அது திரும்ப முளைத்துவிடும். கண்புரையும் புற்றுநோயும் அப்படியல்ல. வந்தால் பல ஆண்டுகள் கழித்து வரும், அதற்குள் ஸ்கேன் எடுத்ததே மறந்திருக்கும்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, சி.டி. எடுக்கும்போதெல்லாம் கதிர்வீச்சின் அளவை அறிக்கையில் எழுத வேண்டும், அளவு மீறினால் நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா 2010-ல் சட்டம் போட்டது.

இதைப் படித்துவிட்டு ஸ்கேனே வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. வாய் கோணி, கை விழுந்து வருபவருக்கு ஒவ்வொரு நிமிடமும் மூளை செத்துக்கொண்டிருக்கும். அங்கே கேள்வி கேட்க நேரமில்லை, உடனே எடுத்தாக வேண்டும். ஆற அமர எடுக்கும் பரிசோதனை வேறு. ரத்தக்குழாய் வீக்கம் பெரிதாகிறதா என்று அவ்வப்போது பார்ப்பதற்கு எம்.ஆர். ஆஞ்சியோ போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதில் எக்ஸ்-ரே கிடையாது. போன முறை எடுத்த படங்களைக் கையோடு கொண்டுபோனால், இன்னொரு ஸ்கேனே தேவைப்படாமல் போகலாம். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்று தோன்றினாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்தியாவில் சி.டி. மெஷின் இயக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. பணம் கட்டிப் பெற்ற சிகிச்சையில் கவனக்குறைவு நடந்திருந்தால் 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே பேச ஆதாரம் வேண்டும். சி.டி. படங்களோடு ‘டோஸ் ரிப்போர்ட்’ என்று ஒரு பக்கம் இருக்கும், கதிர்வீச்சின் அளவைச் சொல்லும் சி.டி.டி.ஐ., டி.எல்.பி. என்ற இரண்டு எண்கள் அதில்தான் இருக்கின்றன. ஸ்கேன் சென்டரை விட்டு வெளியே வரும் முன் அந்தப் பக்கத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.