அடித்தவரிடம் கேட்கும் வேறு கேள்வி

"ஏன்டா அடிச்ச?" இருபது ஆண்டுகளாக வகுப்பில் கேட்டுவருகிறேன். பதிலும் மாறியதில்லை: "அவன்தான் சார் மொதல்ல..." காரணம் கேட்டால் சாக்குதான் கிடைக்கிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ப்ளூமாஸ் என்றொரு மலை மாவட்டம். குடும்ப வன்முறைக்காக நீதிமன்றம் அனுப்பிவைத்தவர்களுக்கு அங்கு நடந்த குழு சிகிச்சையை மோ யீ லீ, ஜான் செபோல்ட், அட்ரியானா யூகன் ஆகியோர் 2003இல் நூலாக எழுதினார்கள். அம்மாநிலத்தில் இத்தகையோருக்கான வழக்கமான பயிற்சி 52 வாரங்கள். இங்கோ எட்டே அமர்வுகள். ஏன் அடித்தீர்கள் என்று குடைவதில்லை. "கோபம் வந்தும் கை ஓங்காத நாள் உண்டா? அன்று என்ன செய்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். அவரிடம் ஏற்கெனவே இருக்கும் நிறையிலிருந்து தொடங்குவதுதான் இம்முறை.

படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அடி வாங்கியவள் வீட்டில் இருக்க, அடித்தவனிடம் நிறையைத் தேடுவதா? பிறகுதான் அதிலுள்ள கண்டிப்பு புரிந்தது. மூன்றாம் அமர்வுக்குள் ஒவ்வொருவரும் தனக்கென ஓர் இலக்கைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் தொடர முடியாது. "இனி அடிக்க மாட்டேன்" என்பது இலக்காகாது. புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டும். அது வீட்டிலிருப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். "முயற்சி செய்தேன்" என்று நழுவ முடியாது. எப்போது செய்தீர்கள், மனைவி என்ன சொன்னார் என்று அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். இலக்கை நடத்துநர்கள் எழுதித் தருவதில்லை. நாமோ மன்னிப்புக் கடிதத்தையே சொல்லச் சொல்ல எழுத வைத்துக் கையெழுத்து வாங்குகிறோம்!

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் கேட்டுப் பார்த்தேன்: "நேத்து அவன் சீண்டியும் நீ அடிக்கல. எப்படிடா?" வெகுநேரம் யோசித்தான். "தண்ணி குடிக்கப் போயிட்டேன் சார்." அதையே தன் இலக்காக வைத்துக்கொண்டான். குழாயடிக்குப் போக என்னிடம் அனுமதி கேட்க வேண்டாம் என்பது மட்டும் நான் கொடுத்தது. இந்த மாதம் இருமுறை தவறியிருக்கிறான். மற்ற நாட்களில் போய் வருகிறான்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வீட்டில் அப்பா அடிக்கிறார் என்று குழந்தை சொன்னால், அவரை அழைத்து இக்கேள்விகளைக் கேட்பது நம் வேலையன்று; அது பயிற்சி பெற்றவர்களின் வேலை. நாம் பேசியது தெரிந்தால் அன்றிரவே தாயும் பிள்ளையும் அடி வாங்கக்கூடும். தலைமையாசிரியரிடம் சொல்லி 1098ஐ அழைக்க வேண்டும். தாய்க்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணைச் சொல்லலாம், அவர் தனியாக வரும்போது.