கடலடியில் ஒரு தனிவழி

முத்துக்குளித்துறையின் பழைய ஊர்களுள் ஒன்று கீழவைப்பார். இக்கரையில் கடலுள் மூழ்கியவரின் உயிர், தோணியிலிருந்தவர் பிடித்த கயிற்றில் இருந்தது. கயிறு அசைந்தவுடன் அவரை மேலே இழுத்துவிடுவர். இன்று தூத்துக்குடிக் கடலின் அடியில் மற்றொரு கயிறு கிடக்கிறது. தூத்துக்குடியை இலங்கையின் கல்கிசையோடு இணைக்கும் கடலடி ஒளியிழை வடம் 2006ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது.

இத்தகைய வடமொன்றில் வங்கி, மருத்துவமனை, துறைமுகம் எனப் பலருடைய தரவுகளும் செல்லக்கூடும். அவை ஒன்றோடொன்று கலவாதிருக்க, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மெய்நிகர் தனியார் வலையமைப்பை அமைத்துத் தருகின்றன. தரவுப் பொதி ஒவ்வொன்றும் உரியவரைக் காட்டும் அடையாளச் சீட்டைப் பெறும். திசைவிகள் ஒவ்வொருவர்க்கும் தனித்தனி வழிப்பட்டியலை வைத்திருக்கும். இது பிரித்தல் மட்டுமே. பிறர் படிக்காமல் மறைப்பதற்குக் குறியாக்கமும் வேண்டும்.

இருபது திசைவிகளில் கையால் கட்டளையிடும்போது ஓர் எண் பிழைத்தாலும் ஒருவரது தரவு பிறரது வழியில் புகக்கூடும். தன்னியக்க மென்பொருளிடமோ எவ்வெவ்விடங்களை இணைக்க வேண்டும் என்று கூறினால் போதும். அது இருக்கும் அமைப்போடு ஒப்பிட்டு, வேறுபாட்டை மட்டும் கணித்து, நெட்காஃப் போன்ற நெறிமுறை வழியே திசைவிகளுக்கு அனுப்பும். ஒரு திசைவி ஏற்க மறுத்தாலும் அனைத்தையும் பழைய நிலைக்கு மீட்கும். ஏனெனில், பாதி அமைந்த வழி, வழியே இல்லாததினும் தீங்கானது.

ஆயினும், நாம் தவறாகக் கூறினால் அத்தவற்றையும் எல்லாத் திசைவிகளிலும் ஒருசேர நிறைவேற்றிவிடும். கயிறு பிடிப்பவரின் விழிப்பு இன்றும் வேண்டும்.