வராந்தாவில் ஒரு மீன்பிடி

"பாட்டி! மீன் மாட்டிக்கிச்சு!"

நெய்வேலி நகரியத்தில், ஒரு குவார்ட்டர்ஸ் வராந்தாவில் நாம் கேட்ட கூக்குரல் இது. கடலைப் பார்க்க வேண்டுமானால் கடலூர் வரையில் போக வேண்டும். ஆனால் அந்த இரண்டரை வயதுச் செல்விக்குச் சமுத்திரம் வராந்தாவிலேயே இருந்தது. சாவி கொடுத்தால் சுற்றும் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் வாயைத் திறந்து திறந்து மூடும் பதினைந்து மீன்கள். கையில் சின்னத் தூண்டில்.

மீன் எங்கே மாட்டியது? தூண்டிலைக் கீழே போட்டுவிட்டுக் கையாலேயே அள்ளியிருந்தாள்!

"எப்படிப் பிடித்தால் என்னடி கண்ணு!" என்றாள் பாட்டி.

"இல்லை அத்தை, தூண்டிலாலேயே பிடிக்கட்டும். கை பழகும்" என்றாள் தாயார்.

தாயார் சொன்னது நியாயந்தான். கண் பார்த்த இடத்துக்குக் கையைக் கொண்டுபோவது அந்த வயதில் லேசான வித்தையா? ஆனால் சுற்றுகிற மீனின் வாய்க்குள் நூலை இறக்குவது மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே சிரமம். பெட்டியின் மீதும் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. பெட்டியை யார் படிக்கிறார்கள்?

சும்மா இராமல் நாம் ஒரு மீனை எடுத்து, அதன் வாயிலிருந்த காந்தத்தை நகத்தால் நெம்பினோம். துவரம்பருப்பு அளவில் உள்ளங்கையில் வந்து விழுந்தது. தாயாரின் முகம் வெளுத்துவிட்டது.

ஒரு காந்தத்தை விழுங்கினால் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். இரண்டாக இருந்தால், அல்லது காந்தத்தோடு ஓர் இரும்புத் துண்டும் போனால், கதை வேறு. குடலின் ஒரு மடிப்பில் ஒன்றும், இன்னொரு மடிப்பில் மற்றொன்றும் நின்று ஒன்றையொன்று இழுக்கும். நடுவே அகப்பட்ட குடற்சுவர் ரத்த ஓட்டமின்றி நைந்து ஓட்டையாகும். ஆரம்பத்தில் தெரிவதோ வெறும் வாந்தியும் வயிற்று வலியுந்தான். சந்தேகம் தோன்றினால் வாழைப்பழம், விளக்கெண்ணெய் என்று காலம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடி எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். பாட்டுப் பாடும் ரகங்களில் இருக்கும் பொத்தான் பாட்டரி இன்னும் பொல்லாதது. உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டே மணியில் புண்ணாக்கும். அந்த மூடி திருகாணி போட்டு முடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? மூன்று வயதுக்குக் கீழே என்றால், குழந்தையின் உள்ளங்கையை நிறைக்கும் பெரிய மரமீன்கள் உத்தமம். காந்தம் மரத்துக்குள்ளேயே புதைந்து, நகத்துக்கு எட்டாமல் இருக்க வேண்டும். ஒன்றேகால் அங்குல வாயுள்ள குழலுக்குள் எந்தத் துண்டும் முழுதாக அடங்கக் கூடாது என்பது சோதனைக்காரர்களின் கணக்கு. பழைய பிலிம் டப்பா வீட்டில் கிடந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம். தூண்டில் நூல் ஒரு சாணுக்குள் இருக்கட்டும். நீண்டால் கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

2021 ஜனவரி முதல் நம் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்பவற்றுக்கும், சென்னபட்டணம் மரப் பொம்மைகளைப் போலப் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. ஆகவே அவற்றில் முத்திரை இல்லையே என்று மிரள வேண்டாம். திருவிழாக் கடையில் முத்திரையும் விலாசமும் இல்லாத பிளாஸ்டிக் பெட்டியைக் கண்டால் மட்டும் குழந்தையின் அழுகையைப் பொருட்படுத்தாமல் நடையைக் கட்டுங்கள். (சொல்வது சுலபம், நமக்கும் தெரியும்!)

அந்த வீட்டில் தட்டும் மீன்களும் அன்றே பரண் ஏறின. செல்வி ஊரைக் கூட்டினாள். பாட்டி ஓர் அகலமான பேசினில் நாலு விரற்கடை தண்ணீர் ஊற்றி, பிளாஸ்டிக் கிண்ண மூடிகளை மிதக்க விட்டு, டீ வடிகட்டியைப் பேத்தியின் கையில் கொடுத்தாள். அவ்வளவு தண்ணீரும் குழந்தைக்கு ஆபத்தானதே என்பதை அறிந்தவள் போல், பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தும் கொண்டாள்.

முதல் வீச்சில் அகப்பட்டது பாட்டியின் சீப்பு. அது எப்போது பேசினுக்குள் போயிற்று என்று ஒருவருக்கும் தெரியவில்லை!