படவிழாவிலே தவறிப்போன படங்கள்

அச்சிட்ட நூல் தன் வாசகனுக்காகக் காத்திருக்கும். இன்று படிக்க இயலாதவன் அடுத்த ஆண்டிலே நூல்நிலையத்துக்குச் சென்று அதனைப் படித்துக்கொள்ளலாம். சர்வதேசப் படவிழாவுக்கு வரும் திரைப்படமோ அத்தகையதன்று. பத்துப் பன்னிரண்டு நாள்களுக்குள்ளே பல நாட்டுப் படங்கள் அங்கே காட்டப்படுகின்றன. ஒரே வேளையில் வெவ்வேறு படமாளிகைகளில் வெவ்வேறு படங்கள் ஓடும். ஒரு படம் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு மூன்று முறையே திரையிடப்படும். ஆகவே, ஒன்றைக் காண்பவர் வேறொன்றைக் காணாது விடுதல் தவிர்க்க முடியாததாகும்.

சில வேளைகளிலே, ஒரு விழாவின் படங்கள் முழுவதையுமே உலகம் காணத் தவறியதுண்டு. பிரான்சின் தென்கரையிலுள்ள கான் நகரிலே முதலாவது படவிழா 1939ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி ஆரம்பமாக இருந்தது. அன்றைய தினமே ஜெர்மனியின் படைகள் போலந்து நாட்டினுள் புகுந்தன. விழா முதலிற் பிற்போடப்பட்டது, பின்னர் கைவிடப்பட்டது. யுத்தம் முடிந்த பின்பு, 1946ஆம் ஆண்டிலேதான் அந்நகரில் விழா நடைபெற்றது. 1939இல் போட்டியிட வேண்டியிருந்த படங்களுக்கு நடுவர் குழுவொன்று 2002ஆம் ஆண்டிலே தீர்ப்பளித்து, செசில் டி மில்லின் 'யூனியன் பசிபிக்' என்ற படத்துக்குப் பரிசு வழங்கியது. அப்பரிசு வந்தபோது அதனைப் பெற வேண்டிய டி மில் உயிரோடு இல்லை.

யுத்தத்தினால் நேர்ந்த இழப்புக்கு எவரையும் குறைகூற முடியாது. ஆனால், தீர்ப்பளிக்க அமர்ந்த நடுவர்களே ஒரு படத்தைக் காணாது விட்டால் என்ன ஆகும்? அதே கான் நகரிலே 1956ஆம் ஆண்டில் அவ்வாறே நிகழ்ந்தது. அவ்வாண்டு வங்காளத்திலிருந்து சென்ற படம் 'பதேர் பாஞ்சாலி'. அதனை உருவாக்கிய சத்தியஜித் ராய் அதற்கு முன் ஒரு படமும் எடுத்தவரல்லர். கல்கத்தாவிலே விளம்பரச் சித்திரம் வரைந்து சம்பாதித்தவர். 1952ஆம் ஆண்டிலே படப்பிடிப்புத் தொடங்கிற்று. பணமின்றி அது பன்முறை தடைப்பட்டது. மனைவியின் நகைகளும் அடகுக்குப் போயின. இறுதியில் மேற்கு வங்காள அரசாங்கம் முன்வந்து பொருளுதவி செய்ததனாலே 1955இல் படம் நிறைவெய்தியது.

இத்தனை இடர்களைக் கடந்து கான் நகரை அடைந்த படம், அங்கே பின்னிரவு வேளையிலே திரையிடப்பட்டது. அன்றிரவு யப்பானியக் குழுவினர் அளித்த விருந்துக்கு நடுவர்களுட் பலர் சென்றுவிட்டனர் என்பர். விருந்துக்குச் செல்லாது படத்தைக் கண்ட சில விமரிசகர்கள் வாளாவிருக்கவில்லை. பிரெஞ்சு விமரிசகர் அந்திரே பஸான், ஆங்கிலேயரான லின்ட்சே அண்டர்சன் முதலியோர், இப்படத்தை மீண்டும் காட்டுதல் வேண்டுமென வற்புறுத்தினர். அவ்வாறே இரண்டாம் முறை காட்டப்பட்டது; நடுவர்களும் கண்டனர். விழாவின் முதற் பரிசு 'மௌன உலகம்' என்ற கடலடிப் படத்துக்குச் சென்றதெனினும், 'சிறந்த மானிட ஆவணம்' என்ற சிறப்புப் பரிசு 'பதேர் பாஞ்சாலி'க்குக் கிடைத்தது. அதனைத் தொடர்ந்து பல நாடுகளின் படமாளிகைகளும் அதற்குக் கதவு திறந்தன.

பெரிய நாட்டின் படத்துக்கு விளம்பரமும் விநியோகத்தரும் உண்டு. விழாவிலே தவறினும் வேறு வழி கிடைக்கும். சிறிய படத்துக்கோ விழாத்திரை ஒன்றே வாயிலாக அமைகிறது. மறு ஆண்டிலே, அஃதாவது 1957இல், இலங்கையிலிருந்து லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' அதே கான் விழாவுக்குச் சென்றது. பரிசு கிடைக்காவிடினும் அயல்நாட்டார் அதனை மதித்தனர். ஆனால் தாய்நாட்டிலே அது வசூலில் தோல்வியுற்றது. அதனைக் காணத் தவறியவர்கள் கான் நகரத்தாரல்லர், உள்நாட்டு இரசிகர்களே. பீரிஸின் 'கம்பெரலிய' 1965ஆம் ஆண்டு டில்லி சர்வதேசப் படவிழாவிலே தங்க மயில் விருதைப் பெற்றமை பின்னைய வரலாறு.

தவறவிட்ட படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. படத்தின் பிரதி எங்கேனும் பத்திரமாக இருத்தல் வேண்டும். 1993இல் இலண்டனிலுள்ள ஓர் ஆய்வுகூடத்திலே தீப்பற்றியபோது, 'பதேர் பாஞ்சாலி'யின் மூலச் சுருள்களும் தீக்கிரையாயின. கருகி உருக்குலைந்து எஞ்சியவற்றை எறிந்துவிடாது அமெரிக்கத் திரைப்படக் கழகமொன்று பேணி வைத்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின்னர், இத்தாலியின் பொலோனா நகர நிபுணர்கள் அச்சுருள்களை ஈரப்பதமூட்டி நெகிழ்த்தி, கிழிந்த ஓரங்களைக் கையாலே செப்பனிட்டனர். முற்றாக அழிந்துபோன பகுதிகள் பிற இடங்களிலிருந்த பிரதிகளைக் கொண்டு நிரப்பப்பட்டன. 2015ஆம் ஆண்டிலே படம் மீண்டும் திரைக்கு வந்தது.

விருந்துக்குப் போன நடுவர்களும் அதனைக் கண்டனர். அன்று பிறந்திராத தலைமுறையினரும் இன்று காண்கின்றனர். முதலில் விமரிசகர் சிலர் மறுமுறை காட்டுமாறு கேட்டனர். பின்னர் கருகிய சுருளைக் காப்பாளர் எறியாது வைத்தனர். இவ்விரண்டுள் எது நிகழாதிருப்பினும், அப்படம் இன்று நம் பார்வைக்கு இவ்வாறு வந்திருத்தல் அரிது.