சடைக்காரரின் முதுகு பத்திரம்!

நண்பர் ஒருவர் வீட்டு வாசல் மணியை அழுத்தினேன். உள்ளேயிருந்து யானைக்குட்டி பிளிறுவது போல ஒரு குரைப்பு. பயந்துபோய் இரண்டடி பின்வாங்கினேன். கதவு திறந்தது. வந்து நின்றவரின் உயரம் ஒரு சாணுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்! பின்னிவிடலாம் போன்ற காதுகள், சாமரம் போன்ற வால், பட்டுப் போன்ற சடை. நடுவிலே, அம்மாடி, எவ்வளவு நீளம்! கால்களை மட்டும் பிரம்மா ஏதோ அவசரத்தில் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

இவர்தான் சடை வளர்த்த டாக்ஸ்ஹூண்ட். பூர்வீகம் ஜெர்மனி. அந்தப் பாஷையில் 'டாக்ஸ்' என்றால் பாட்ஜர். 'ஹுண்ட்' என்றால் நாய். பாட்ஜர் என்பது பூமிக்கடியில் வளை தோண்டி வாழும், கூரிய நகமுள்ள ஒரு முரட்டுப் பிராணி. அதை வளைக்குள்ளேயே போய் எதிர்ப்பதற்காக வேட்டைக்காரர்கள் வளர்த்த ஜாதி இது. குட்டைக் காலும், நீண்ட உடலும், தொண்டை கொள்ளாத குரலும் அதற்காகத்தான். உங்கள் வீட்டு ரோஜாத் தொட்டியை இவர் தோண்டினால் கோபிக்காதீர்கள். குலத் தொழிலை மறக்கவில்லை!

வழுவழுப்பான ரோமம், கம்பி போன்ற ரோமம், நீண்ட சடை என்று இவர்களில் மூன்று வகை உண்டு. சடைக்காரர் ஸ்பானியல் ஜாதியோடு கலந்து உண்டானவர் என்று சொல்கிறார்கள். பெரிய வகை 7 முதல் 14 கிலோ வரை இருக்கும். சின்ன வகை 5 கிலோவுக்குள் அடங்கிவிடும். நன்றாகப் பேணினால் 12 வயதைத் தாண்டியும் உங்களோடு இருப்பார்.

சடைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை சீப்பும் பிரஷ்ஷும் போதும். காதின் பின்புறம், வயிறு, தொடை, வால் ஆகிய இடங்களில்தான் சிக்கு விழும். தொங்கும் காதுகளுக்குள் காற்றுப் புகாது. ஆகவே அடிக்கடி மடித்துப் பாருங்கள். துர்நாற்றம் வீசினால் வைத்தியரிடம் காட்டுங்கள். நம் ஊர் வெயிலில் விரல் இடுக்குகளிலும் காது மடிப்பிலும் உண்ணி ஒளிந்துகொள்ளும். வயிறு தரையை ஒட்டி இருப்பதால் சாலையின் சூடு நேரே உடம்பில் தாக்கும். ஆகவே உலாவுவது விடியற்காலையிலும் இருட்டிய பிறகும்தான்.

இனி முக்கியமான சங்கதிக்கு வருகிறேன்.

முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே மெத்தை போன்ற வில்லைகள் உண்டு. கால்கள் குட்டையாவதற்கும், அந்த வில்லைகள் இளம் வயதிலேயே கெட்டிப்பட்டுப் போவதற்கும் தொடர்பு உண்டு. இரண்டுக்கும் காரணமான ஒரு மரபணுவை விஞ்ஞானிகள் 2017-ல் கண்டறிந்தார்கள். இந்த ஜாதியில் சுமார் ஐந்தில் ஒன்றுக்கு வாழ்நாளில் வில்லை பிதுங்கித் தொல்லை வருகிறது. நேற்றுச் சோபாவிலிருந்து குதித்த பிள்ளை, இன்று காலையில் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வரக்கூடும்.

ஆகவே சகோதரிகளே, சோபாவுக்கும் கட்டிலுக்கும் ஒரு சரிவுப் பலகை வையுங்கள். வழுக்கும் தரையில் பாய் விரியுங்கள். தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியில், மறு கை பின்புறத்துக்கு அடியில். முதுகு மட்டமாக இருக்கட்டும். குழந்தைகளுக்கும் இதைப் பழக்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக உடம்பைப் பெருக்க விடாதீர்கள். விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். பாவமாகப் பார்க்கும் அந்தக் கண்களுக்கு ஏமாறி நெய்ச்சோறு போடாதீர்கள். வெங்காயச் சாம்பாரும், பாயசத்துத் திராட்சையும், சாக்லேட்டும் அவருக்கு விஷம்.

முதுகைக் கூனிக்கொண்டு நடுங்கினாலோ, தூக்கும்போது அலறினாலோ, "நல்லெண்ணெய் தேய்த்து உருவிவிடலாம்" என்று பாட்டி சொல்வார்கள். வேண்டாம்! நாம் சாப்பிடும் வலி மாத்திரையும் வேண்டாம். அசையவிடாமல் வைத்தியரிடம் கொண்டு போங்கள். லேசான கோளாறாயின் பல வார ஓய்வில் குணமாகலாம். கால் விழுந்துவிட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது, ஆபரேஷன் தேவைப்படலாம்.

நம்பிக்கை இழக்கவும் வேண்டாம். 1957-ல் டேவிட் டக்ளஸ் டங்கன் என்ற புகைப்படக்காரர் ஓவியர் பிக்காஸோவைப் பார்க்கப் போனபோது, கூடச் சென்ற 'லம்ப்' என்ற டாக்ஸ்ஹூண்ட் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. பிக்காஸோ அதைத் தம் ஓவியங்களில்கூடச் சேர்த்தார். சில ஆண்டுகளில் அதற்கும் இந்த முதுகு நோய் வந்தது. தீராது என்று கைவிடப்பட்ட லம்ப்பை, டங்கன் ஜெர்மனிக்குக் காரில் கொண்டுபோய்ச் சிகிச்சை செய்வித்தார். அது மறுபடியும் நடந்தது! நடையில் சற்றுத் தள்ளாட்டம், அதனால் என்ன? 1973-ல், பிக்காஸோ மறைவதற்குப் பத்து நாள் முன்புதான் கண்ணை மூடியது.

நண்பர் வீட்டிலிருந்து நான் புறப்பட்டபோது, சடைக்காரர் சோபாவிலிருந்து பலகை வழியாக நிதானமாக இறங்கி வாசல் வரை வந்தார். படி அருகே நின்று நண்பரை நிமிர்ந்து பார்த்தார். 'இரண்டு கையாலும் தூக்கு' என்பதுதான் அந்தப் பார்வைக்கு அர்த்தம்!