மரச்சீனியும் மீன்கறியும்

பஞ்சத்தில் கைகொடுத்த கிழங்கு எல்லைப்புறச் சாயக்கடைகளில் ராஜநடை போடுகிறது. விளையும் நிலம்தான் நழுவுகிறது.

இரண்டு பெஞ்சு, ஒரு கண்ணாடி அலமாரி, அதற்குள் பருப்பு வடையும் பழம்பொரியும். திருவனந்தபுரம் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே இருக்கும் ஆரியங்கோடு பக்கத்துச் சாயக்கடைகளின் ஆடம்பரம் பெரும்பாலும் இவ்வளவுதான். அங்கே மெனு கார்டு கேட்பவர் வெளியூர்க்காரர். உள்ளூர்க்காரர் உட்கார்ந்ததும் வருவது மரச்சீனியும் மீன்கறியும்.

தமிழகத்தின் பிற பகுதிகளில் மரவள்ளிக்கிழங்கு. மத்திய கேரளத்தில் கப்ப. இங்கே மரச்சீனி. களியக்காவிளை சோதனைச் சாவடியைத் தாண்டி குமரி மாவட்டத்துக்குள் போனாலும் அதே பெயர்தான். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்துடன் சேர்க்கக் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. கோடு கிழித்தவர்கள் நல்லவேளையாக அடுக்களைக்குள் வரவில்லை.

பக்குவம் எளிது, ஆனால் அவசரம் ஆகாது. தோலுரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். கிழங்கில் இயற்கையாக உள்ள சயனைடு நச்சின் பெரும்பகுதி அதோடு போய்விடும். பிறகு தேங்காய், பூண்டு, மஞ்சள், பச்சை மிளகாய் அரைப்பைச் சேர்த்து அகப்பையால் உடைத்துக் கிளற வேண்டும். மேலே சாளையோ நெத்தோலியோ போட்ட, புளி தூக்கலான சிவந்த குழம்பு. முடிவில் கட்டன் சாயா. ஒரு தட்டு உள்ளே போனால் ரப்பர் பால் எடுப்பவருக்கு மதியம் வரை பசி எட்டிப் பார்க்காது.

தென் அமெரிக்கக் கிழங்கான இதைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. ஆனால் அதை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது போர். சமஸ்தானம் அரிசிக்குப் பர்மாவை நம்பியிருந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்ததும் அரிசிக் கப்பல் நின்றது. ரேஷன் போதாத வீடுகளில் உலை கொதித்தது மரச்சீனியால்தான். ஏழையின் சாப்பாடு என்ற முத்திரையும் அப்படித்தான் குத்தப்பட்டது.

அந்த ஜப்பானிலேயே இதற்கு ஒரு ஒன்றுவிட்ட சகோதரன் உண்டு. ஷிகோகு தீவிலுள்ள ககாவா, மழை குறைந்த சிறு மாநிலம். நெல்லுக்குத் தண்ணீர் போதாத மண்ணில் கோதுமை வளர்த்து, அந்த மாவில் தடித்த உடான் நூடுல்ஸ் செய்தார்கள். சாறுக்கு நெத்திலிக் கருவாடு. அங்கேயும் சின்னச் சின்னக் கடைகள்தான். பல கடைகளில் வாடிக்கையாளரே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நூடுல்ஸைச் சுடுநீரில் முக்கி, சாறு ஊற்றிக்கொள்ள வேண்டும். இல்லாமையில் பிறந்த உணவுக்கு வெட்கப்படாமல், 2011-ல் தன்னை 'உடான் மாநிலம்' என்றே விளம்பரம் செய்தது ககாவா.

மரச்சீனிக்கும் இப்போது மரியாதை வந்திருக்கிறது. நட்சத்திர ஓட்டல்களில் வாழையிலைத் துண்டில், கொத்துமல்லி தூவி, சாயக்கடைக்காரரை மயக்கம் போடவைக்கும் விலையில் வருகிறது. தோட்டக் கணக்குதான் உதைக்கிறது. 1970களின் நடுவில் கேரளத்தில் 3 லட்சம் ஹெக்டேருக்கு மேல் விளைந்த கிழங்கு, இன்று 1 லட்சத்துக்கும் கீழே. நெய்யாற்றின்கரையின் கிழக்கு மேடுகளில் கண்ணுக்கு எட்டுவது ரப்பர். மிஞ்சிய கிழங்கைக் கிளறிப்போடக் காட்டுப் பன்றி வருகிறது.

ஸ்ரீகாரியத்தில் 1963-ல் தொடங்கிய மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் புது ரகங்களைத் தந்துகொண்டுதான் இருக்கிறது. ஒன்றின் பெயர் ஸ்ரீ விசாகம். ககாவாவின் கதை இங்கே கவனிக்கத்தக்கது. உடானின் புகழ் ஏற ஏற, உள்ளூர்க் கோதுமை பின்தங்கி ஆஸ்திரேலியக் கோதுமை கடைகளை நிறைத்தது. உடானுக்கென்றே சொந்த ரகத்தை உருவாக்கி, இழந்த இடத்தை மெல்ல மீட்கப் பார்க்கிறார்கள். ஆரியங்கோட்டுப் பக்கம் அவ்வளவு தூரம் போகவில்லை. வீட்டு முற்றத்தில் நாலு மூடு மரச்சீனி நட்டு, மிஞ்சியதைச் சாயக்கடைக்குக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.